ரேமுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு காத்திருப்பு

1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. அதனோடு சேர்ந்து வெளிவந்த கேம்களில் ஒன்று நாம்கோ நிறுவனத்தின் 'ரிட்ஜ் ரேசர்'. கார் பந்தயம். ஆனால் டிஸ்க்கைப் போட்டதும் பந்தயம் தொடங்கிவிடாது. முதலில் நாம்கோவின் பழைய ஆர்கேட் ஆட்டமான 'கேலக்ஸியன்' திரையில் குட்டியாக ஓடும். எதிரிகளை ஒன்றுவிடாமல் சுட்டு வீழ்த்தினால் கூடுதல் கார்கள் கிடைக்கும். ஆடுபவர் சுடுவதில் மும்முரமாக இருக்கும்போதே, 2 எம்பி பிரதான நினைவகம் கொண்ட அந்த மெஷின் பந்தயம் முழுவதையும் உள்ளே ஏற்றிக்கொள்ளும். அதன்பின் டிஸ்க்குக்கு மிஞ்சியிருக்கும் வேலை பின்னணி இசையை ஒலிப்பது மட்டும்தான். எனவே கேம் டிஸ்க்கையே வெளியே எடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பாட்டு சிடியைப் போட்டுக்கொண்டு ஓட்டலாம். பலர் அப்படித்தான் ஓட்டினார்கள்.

ஒரு கேமை முழுசாக நினைவகத்துக்குள் ஏற்றிவிட்டால் டிஸ்க்கின் தயவே வேண்டாம் என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைக்காது. இன்றும் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் இதே ஆசையோடுதான் கேட்கிறார்கள்: 64 ஜிபி ரேம் இருக்கிறதே, கேமை அதிலேயே வைத்து ஓட்டினால் என்ன? வேகமான எஸ்எஸ்டி வாங்குவதைவிட அது மேல் இல்லையா? கேள்வி நியாயமானது. இதற்கான பதில் 40 ஆண்டு காலத்தில் பலமுறை மாறியிருக்கிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் கிடையாது. சாதாரண டேப் ரெக்கார்டர்தான். பாட்டுக் கேசட்டைப் போன்ற கேசட்டில் கேம் கீச்சுக் குரலில் பதிந்திருக்கும். வினாடிக்குச் சராசரியாக 1,400 பிட்டுக்கும் குறைவாகத்தான் உள்ளே வரும். 48 கேபி நினைவகத்தை நிரப்ப ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். திரையின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் துடிக்க, நடுவில் கேமின் படம் வரிவரியாக உருவாகும். நான்காவது நிமிடத்தில் டேப் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் பிழைச் செய்தி வரும், முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் பெரும்பாலான கேம்கள் முழுவதும் நினைவகத்தில் இருக்கும். நடுவில் காத்திருப்பே இல்லை. காத்திருப்பு மொத்தத்தையும் வாசலிலேயே கொடுத்துத் தீர்த்துவிடும் முறை அது.

அதே ஆண்டில் வந்த கமடோர் 64-க்கு 1541 என்ற ஃபிளாப்பி டிரைவ் கிடைத்தது. ஃபிளாப்பி என்றாலும் வேகம் வினாடிக்கு 400 பைட் அளவுதான். டிரைவின் சுழற்சியில் கோளாறு ஏதும் இல்லை. கமடோர் 64-க்கு முந்தைய மாடலுக்காக எடுத்துக்கொண்ட ஒரு சிப்பில் பிழை இருந்தது. அதைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே கையால் எண்ணுவதுபோல அனுப்பும்படி ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாடு அப்படியே கமடோர் 64-க்கும் தொற்றிக்கொண்டது. 1984-இல் எபிக்ஸ் நிறுவனம் 'ஃபாஸ்ட்லோட்' என்ற கார்ட்ரிட்ஜை விற்றது. அதே டிரைவ், அதே டிஸ்க். பேசும் முறையை மட்டும் மாற்றி எழுதியதில் வேகம் ஏறத்தாழ ஐந்து மடங்கானது. இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2021-இல் வேறொரு கேமில் இது திரும்ப நடக்கப்போகிறது.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் 160 கேபி ஃபிளாப்பியுடன் வந்தது. ஃபிளாப்பி டிரைவ் கரகரவென்று ஓடி எதையும் மெதுவாகத்தான் எடுத்துக் கொடுக்கும். ஆகவே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதை ஒரு டிஸ்க் என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும் யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. ரேம் டிஸ்க் என்பது இதுதான். 1984-இல் பிசி-டாஸ் 3.0 பதிப்பிலேயே விடிஸ்க் என்ற பெயரில் ஐபிஎம் இதைக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்-டாஸ் 3.2 பதிப்பில் ரேம்டிரைவ் என்று தந்தது. ஃபிளாப்பியில் உள்ளதை ரேம் டிஸ்க்குக்குள் நகலெடுத்துவிட்டு அங்கிருந்து ஓட்டினால் மெஷின் பறக்கும். கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும் என்பது மட்டுமே குறை. ரேம் டிஸ்க்குக்கு இதைவிடப் பெரிய பொற்காலம் பிறகு வாய்க்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். நினைவகத்துக்கும் ஃபிளாப்பிக்கும் இருந்த இடைவெளி அவ்வளவு பெரியது, நகலெடுக்க வேண்டிய சரக்கோ சில நூறு கேபிதான்.

கேம்கள் வளர்ந்தன. ஃபிளாப்பிகளை மாற்றி மாற்றிப் போடும் அலுப்பு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு லூகாஸ் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' சாட்சி. அதில் காட்டில் ஒரு மரக்கட்டைக்குள் எட்டிப் பார்த்தால், 22-ஆம் டிஸ்க்கைப் போடச் சொல்லும். அப்படி ஒரு டிஸ்க்கே கிடையாது; தயாரிப்பாளர்கள் செய்த வேடிக்கை. அதை உண்மை என்று நம்பிக் குழம்பியவர்கள் இருந்தார்கள் என்றால் அந்தக் காலத்து அனுபவம் எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பக்கம் டாஸின் 640 கேபி வரம்பு. மெஷினில் 4 எம்பி இருந்தாலும் சாதாரண நிரலுக்கு எளிதில் எட்டுவது முதல் 640 கேபிதான். அதற்கு மேலுள்ளதைத் தொட 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'எக்ஸ்பாண்டட் மெமரி' என்ற ஏற்பாட்டை வகுத்தன. ஆரிஜின் நிறுவனத்தின் 'விங் கமாண்டர்' 1990-இல் வந்தபோது, இந்தக் கூடுதல் நினைவகம் உள்ளவர்களுக்கு மட்டும் விமானியின் கை ஜாய்ஸ்டிக்கை அசைப்பது திரையில் தெரியும். இல்லாதவர்களுக்குக் கை கிடையாது. அதே நிறுவனத்தின் 'அல்டிமா 7' 1992-இல் தனக்கென ஒரு நினைவக முறையைக் கொண்டுவந்தது. அது வழக்கமான நினைவக மேலாளர்களோடு ஒத்துப்போகாது. அந்த ஒரு கேமுக்காகவே தனி பூட் டிஸ்க் செய்து, கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு ஃபைல்களையும் வரி வரியாகத் திருத்திப் பலர் கம்ப்யூட்டரையே கற்றுக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்கு நிரல் ஆர்வம் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ரேம் டிஸ்க்கைவிடப் புத்திசாலித்தனமான ஒரு வழி வளர்ந்தது. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்ததை நினைவகத்தில் வைத்திருந்து, அடுத்த முறை கேட்டால் அங்கிருந்தே கொடுப்பது. டிஸ்க் கேஷ் என்பார்கள். விண்டோஸ் 3.1, எம்எஸ்-டாஸ் 6 ஆகியவற்றுடன் வந்த ஸ்மார்ட்டிரைவ் இதைத்தான் செய்தது. ரேம் டிஸ்க்கில் எதை வைப்பது என்று மனிதர் முடிவு செய்ய வேண்டும்; இதில் மெஷினே பார்த்துக்கொள்ளும். 1993 டிசம்பர் 10 அன்று வெளியான 'டூம்' இதே யோசனையைக் கேமுக்குள்ளேயே கட்டிவைத்தது. படம், ஒலி, வரைபடம் எல்லாம் ஒரே பெரிய ஃபைலில் துண்டுதுண்டாக இருக்கும். தேவைப்பட்டதை எடுத்து நினைவகத்தில் வைப்பது, இடம் போதாவிட்டால் பழையதைக் கழிப்பது, மறுபடி வேண்டுமென்றால் திரும்பப் படிப்பது. அப்படிப் படிக்கும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு சின்ன டிஸ்க் படம் மின்னி மறையும். அந்தக் கேம் கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 எம்பி. 8 எம்பி உள்ளவர்கள் அந்த மின்னலை அரிதாகவே பார்த்தார்கள். ரேம் கூடினால் கேம் சீராக ஓடும் என்ற பாடம் பலருக்கும் பதிந்தது இங்கேதான். அது அன்றைக்கு முழு உண்மை.

சிடி-ராம் வந்தபோது கணக்கு தலைகீழானது. ஒரு சிடியில் 650 எம்பி பிடிக்கும். சுமார் 450 ஃபிளாப்பிகளின் கொள்ளளவு. ஆனால் முதல் தலைமுறை டிரைவின் வேகம் வினாடிக்கு 150 கேபிதான். அதைவிட மோசம், லென்ஸ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர எடுத்துக்கொள்ளும் நேரம். 1993-இல் 'மிஸ்ட்' கேமைச் செய்த ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களுக்கு இது பெரிய கவலை. ஆடுபவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒரு புதிய படம் வர வேண்டும். அருகருகே பார்க்கப்போகும் படங்கள் சிடியிலும் அருகருகே இருக்கும்படி வரிசைப்படுத்தி, படங்களின் நிறங்களைக் குறைத்து, எடையைக் குறைத்தார்கள். வேகம் என்பது டிரைவின் குணம் மட்டுமல்ல, சரக்கை அடுக்கும் கலையும்கூட என்பதை அவர்கள் தங்கள் வேலையிலேயே நிரூபித்தார்கள். இந்த அடுக்கும் கலையைச் செய்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது இந்த வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே சிக்கல்தான், அளவு மட்டும் வேறு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில், தேவையான இடம் படிக்கும் முனைக்கு அடியில் வர சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். முனை நகரும் நேரம் தனி. வரிசையாகப் படித்தால் வினாடிக்கு 100 எம்பி தரும் அதே டிஸ்க், ஆங்காங்கே சிதறிய 4 கேபி துண்டுகளைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு ஒரு எம்பியைக்கூட எட்டாது. 2003-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் 10,000 முறை சுழலும் ராப்டர் டிஸ்க்கை 36 ஜிபி கொள்ளளவில் கொண்டுவந்தபோது கேம் பிரியர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியது இதனால்தான். மென்பொருள் பக்கத்தில் 2002-இல் வந்த 'டன்ஜன் சீஜ்' வேறு வழியில் போனது. கிறிஸ் டெய்லரின் குழு, ஆடுபவர் நடந்து போகும்போதே முன்னால் உள்ள நிலத்தைப் பின்னணியில் ஏற்றி, பின்னால் விட்டதைக் கழித்துக்கொண்டே வந்தது. லோடிங் திரையே இல்லாத தொடர் உலகம்.

2005-இல் தைவானின் கிகாபைட் நிறுவனம் ரேம் டிஸ்க் கனவைக் கையில் பிடிக்கும் பொருளாகவே செய்து காட்டியது. ஐ-ரேம் என்று பெயர். நான்கு ரேம் பட்டைகளைச் செருகக்கூடிய ஒரு கார்டு; மொத்தம் 4 ஜிபி. கம்ப்யூட்டருக்கு அது ஒரு ஹார்டு டிஸ்க்காகவே தெரியும். கரண்ட் போனாலும் 16 மணி நேரம்வரை தாங்க ஒரு பேட்டரி. ஆனால் அதை மெஷினோடு இணைத்தது அன்றைய சாட்டா கேபிள், உச்ச வேகம் வினாடிக்கு 150 எம்பி. உள்ளே இருந்த ரேமுக்கு ஜிபி கணக்கில் கொடுக்கும் திறன் இருந்தது. வாசல் அவ்வளவு குறுகல். நான்கு ஜிபியில் அந்தக் காலத்துப் பெரிய கேம் ஒன்றை வைத்தாலே நிரம்பிவிடும். விலையோ அதிகம். சந்தையில் அது நிற்கவில்லை.

மூன்று ஆண்டுகளில் அதன் தேவையும் போனது. 2008 செப்டம்பரில் இன்டெல் எக்ஸ்25-எம் என்ற 80 ஜிபி எஸ்எஸ்டியை வெளியிட்டது. விலை 595 டாலர். நகரும் பாகம் எதுவும் இல்லாததால், ஹார்டு டிஸ்க் 12 மில்லிவினாடி தேடும் இடத்தை அது மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எடுத்துக் கொடுத்தது. கேம் லோடிங்கின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் கோடு இந்த இடத்தில்தான் விழும்.

இருந்தும் ரேம் டிஸ்க் ஆசை அடங்கவில்லை. உண்மையில் இன்னொரு முறை துளிர்த்தது. 64-பிட் விண்டோஸ் பரவி, ரேம் விலை சரிந்து, 2012 வாக்கில் 16 ஜிபி வைத்திருப்பது சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. அன்றைய கேம்களோ பெரும்பாலும் 32-பிட்; அவற்றால் சில ஜிபிக்கு மேல் தொடவே முடியாது. மீதி ரேம் சும்மா கிடந்தது. 2012 அக்டோபரில் ஏஎம்டி, டேட்டாரேம் நிறுவனத்தோடு சேர்ந்து ரேடியான் ரேம்டிஸ்க் என்ற மென்பொருளை வெளியிட்டது. 4 ஜிபி வரை இலவசம், பணம் கட்டினால் 64 ஜிபி வரை. பல மடங்கு வேகம் என்று விளம்பரம் செய்தார்கள். ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அது உண்மையாகவும் இருந்தது. எஸ்எஸ்டி வைத்திருந்தவர்கள் முயன்று பார்த்தபோது கிடைத்ததோ ஓரிரு வினாடி லாபம்.

எண்களைப் பார்த்தால் இது நம்ப முடியாததாக இருக்கும். இரட்டைத் தடத்தில் ஓடும் டிடிஆர்4-3200 ரேம் வினாடிக்கு 51 ஜிபி கொடுக்க வல்லது. சாட்டா எஸ்எஸ்டி 0.55 ஜிபி. கிட்டத்தட்ட 90 மடங்கு வித்தியாசம். பின் ஏன் லோடிங் 90 மடங்கு குறையவில்லை? பரணில் இருக்கும் அரிசியை அடுப்பு மேடைக்குக் கொண்டுவந்தால் எடுக்கும் நேரம் மிச்சம். சோறு வேக ஆகும் நேரம் மாறாது. கேமின் ஃபைல்கள் சுருக்கி வைக்கப்பட்டவை. அவற்றைப் பிராசசர் விரிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், உலகத்தைக் கட்ட வேண்டும், காட்சியை வரையும் ஷேடர் நிரல்களைத் தயாரிக்க வேண்டும், படங்களைக் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேம் டிஸ்க்கில் இருந்தாலும் கேம் அதை ஒரு ஃபைலாகவே பார்க்கிறது. திறந்து, படித்து, மறுபடி ரேமின் இன்னொரு பகுதிக்கு நகலெடுக்கிறது. போதாததற்கு, மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம் ரேம் டிஸ்க்கை நிரப்ப எஸ்எஸ்டியிலிருந்துதான் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். மிச்சப்படுத்திய வினாடிகளைவிட அதற்கே கூடுதல் நேரம் போகும்.

விண்டோஸ் வேறு சும்மா இருப்பதில்லை. படித்த ஃபைல்களைக் காலியாகக் கிடக்கும் ரேமில் தானாகவே வைத்துக்கொள்கிறது. ஒரே கட்டத்தை இரண்டாம் முறை லோட் செய்யும்போது சீக்கிரம் வருவது அதனால்தான். ரேம் டிஸ்க்குக்கென்று 32 ஜிபி ஒதுக்கினால் இந்த ஏற்பாட்டின் இடத்தைத்தான் பிடுங்குகிறோம்.

காத்திருப்பு டிஸ்க்கிலும் இல்லை, ரேமிலும் இல்லை என்பதை உலகமே பார்க்கும்படி காட்டியது 'ஜிடிஏ ஆன்லைன்'. கம்ப்யூட்டரில் அது 2015-இல் வந்தது. உள்ளே நுழைய ஐந்தாறு நிமிடம் ஆவது பல ஆண்டுகளாக எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. எஸ்எஸ்டி மாற்றியவர்களுக்கும் பெரிய பலன் இல்லை. 2021 பிப்ரவரி இறுதியில், கேம் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு நிரலாளர், மூல நிரல் இல்லாமலேயே அந்த கேம் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார். கடையில் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் 10 எம்பி உரை ஃபைலாக வருகிறது, 63,000 பதிவுகள். ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் மீதமுள்ள ஃபைல் எவ்வளவு நீளம் என்று முழுவதையும் மறுபடி அளக்கிறது நிரல். பிறகு, ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் முன்பு சேர்த்த அத்தனையோடும் ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. பிராசசரின் ஒரே ஒரு மையம் மட்டும் நிமிடக்கணக்கில் இதற்காக உழைத்துக்கொண்டிருந்தது. அவர் செய்த திருத்தத்தில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்று அடுத்த மாதமே அப்டேட் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. 1984-இல் ஃபாஸ்ட்லோட் கார்ட்ரிட்ஜ் செய்த அதே வேலை.

இதற்கிடையில் கன்சோல் உலகம் சேமிப்பின் பக்கம் உறுதியாகச் சாய்ந்தது. 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பை விளக்கிய மார்க் செர்னி ஒரு விஷயத்தைச் சொன்னார். ஹார்டு டிஸ்க்கின் முனை அங்குமிங்கும் ஓடுவதைத் தவிர்க்க, தெருவில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களின் தரவை டிஸ்க்கில் பல இடங்களில் நகல் வைப்பது வழக்கம். 'ஸ்பைடர்-மேன்' கேமில் சில தரவுகள் 400 முறை நகலாகியிருந்தன. வினாடிக்கு 5.5 ஜிபி தரும் எஸ்எஸ்டி வந்ததும் அந்த நகல்களுக்குத் தேவை இல்லை. அதைவிட முக்கியமாக, ஆடுபவர் அடுத்த அரை நிமிடத்தில் பார்க்கக்கூடிய அனைத்தையும் முன்கூட்டியே ரேமில் குவித்து வைக்கவும் தேவை இல்லை. திரும்பிப் பார்க்கும் நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். ரேமை நிரப்பி வைப்பதற்குப் பதில், வேகமான சேமிப்பால் இருக்கிற ரேமையே பெரிதாக்கும் சிந்தனை இது.

கம்ப்யூட்டர் கேம்களில் அந்தப் பழைய நகல் வழக்கம் இன்னும் சில காலம் நீடித்தது. 2024-இல் வந்த 'ஹெல்டைவர்ஸ் 2' கம்ப்யூட்டரில் சுமார் 154 ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டது. ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் கஷ்டப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த நகல்கள்தான் காரணம். 2025 இறுதியில் கேமைச் செய்த ஆரோஹெட் குழு அவற்றை நீக்கிச் சோதித்தது. 154 ஜிபி 23 ஜிபியாகச் சுருங்கியது. பயந்ததுபோல ஹார்டு டிஸ்க்கில் லோடிங் பல மடங்கு கூடவில்லை, சில வினாடிகளே கூடின. அந்த கேமில் நேரத்தைத் தின்றது போர்க்களத்தைப் புதிதாக உருவாக்கும் கணக்கீடு. ஃபைல் படிப்பது அதற்கு இணையாகவே நடந்து முடிந்துவிடுகிறது. ஊகத்தை நம்பிக் கோடிக்கணக்கான ஜிபி இடத்தை மக்களின் டிஸ்க்குகளில் அடைத்ததைவிட, ஒருமுறை அளந்து பார்த்தது எவ்வளவு பெரிய உதவி!

மைக்ரோசாஃப்ட்டும் தன் பங்குக்கு டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற வழியை 2022 மார்ச்சில் நிரலாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சின்னக் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் என்விஎம்இ என்ற அதிவேக எஸ்எஸ்டி டிரைவுக்கு அனுப்பலாம். பின்னர் வந்த பதிப்பில், சுருக்கியதை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடமே விடலாம். 2023 ஜனவரியில் வந்த 'ஃபோர்ஸ்போக்கன்' டைரக்ட்ஸ்டோரேஜைக் கம்ப்யூட்டரில் முதலில் பயன்படுத்தியது. சில காட்சிகள் இரண்டு வினாடிக்குள் ஏறின. ஆனால் அதே என்விஎம்இ டிரைவில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. பெரிய தாவல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்ததில்தான். அதே ஆண்டு 'ஸ்டார்ஃபீல்ட்' எஸ்எஸ்டியைக் கட்டாயத் தேவையாக அறிவித்தது. 'சைபர்பங்க் 2077' தன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலிருந்து ஹார்டு டிஸ்க்கை நீக்கியது.

2025-இன் பிற்பகுதியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் ரேம் விலை ஏறியிருக்கிறது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு நேரடியாக விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்த நேரத்தில், கேமை ரேமில் வைத்து ஓட்டலாம் என்பதற்காக 64 ஜிபி வாங்குவது பணத்தை வீணாக்குவது. ஆடும் கேம் கேட்கிற அளவு ரேம் இருக்க வேண்டும், இன்று அது 16 ஜிபி, சிலவற்றுக்கு 32; அதற்குக் குறைந்தால் எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியும் ஈடுகட்டாது. அந்த அளவுக்கு மேல் உள்ளதை விண்டோஸிடமே விட்டுவிடலாம். கேமை இன்னும் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள், ரேம் டிஸ்க் மென்பொருளைத் தேடும் முன் நடுத்தர விலையில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். அதன்பின்னும் ஒரு கேம் நிமிடக்கணக்கில் காக்க வைத்தால், குறை உங்கள் மெஷினில் இருக்க வாய்ப்பு குறைவு. அதைச் செய்தவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.